லாக்கரில் பூட்டிய ஓடிபி

விதை மானியத்துக்குப் பதிய அன்றுதான் கடைசி நாள். எங்கள் வீட்டில் என்னிடம் மட்டுமே போன் உண்டு என்பதால், பிள்ளைப்பாக்கத்தில் பயிர் வைக்கும் அப்பா வேளாண்மை அலுவலகத்தில் என் நம்பரைத்தான் கொடுப்பார். நானோ ஒரகடம் கம்பெனியில், விதிப்படி போனை லாக்கரில் பூட்டிவிட்டு உற்பத்தி லைனில் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், அஞ்சே நிமிஷம். அப்பாவுக்கு ஓடிபி வரும், அந்த ஆபீசுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"லைன் நின்னுடும். பிரேக்ல போ," என்றார் சூப்பர்வைசர். அவர் சட்டைப்பையில் அவருடைய போன் அடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரேக்கில் ஓடிப்போய்த் திறந்தேன். நான்கு ஓடிபிகள் வந்திருந்தன. நான்குமே காலாவதி.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அடுத்த தபா உங்க சூப்பர்வைசர் நம்பரையே குடுத்துடறேன்," என்றார்.