மாசிலாமணிக்கு வைத்த டீ

திண்டிவனம் பைபாஸ் ஒர்க்‌ஷாப்பில் லாரி மெக்கானிக் தென்னரசுவுக்குப் 'படுக்கை மேஸ்திரி' என்று பட்டப்பெயர். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தால் கியர்பாக்ஸையே கழற்றி மாட்டிவிடுவான். எழுந்து நின்றால் மூச்சு இரைக்கும். மறுபடி உள்ளே நுழைந்துவிடுவான். டிமிக்கி கொடுக்கிறான் என்றார்கள். முப்பது வயதிலேயே தலை நரைத்துவிட்ட அவனும் அதைப் பாதி நம்பிவிட்டான்.

அப்பா மாசிலாமணிக்குக் கிடைத்த பெயர் இன்னும் மோசம். விழுப்புரம் பக்கம் காணையில் கரும்பு வெட்டிய மனிதர், நாற்பது தாண்டுமுன் ரத்த வாந்தியெடுத்துச் செத்தார். ஈரல் கெட்டிருந்தது. ஈரல் கெட்டால் குடிதானே? தொட்டதே இல்லை என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மனைவி காந்திமதி நம்பவில்லை. அதற்காகப் பாசம் போய்விடுமா? செத்தவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டுமே என்று வருஷா வருஷம் நினைவுநாள் படையலில் ஒரு குவார்ட்டர் பாட்டிலும் வைத்தாள். கும்பிட்டு முடித்ததும் சித்தப்பா வல்லரசு அதைப் பயபக்தியோடு காலி செய்வார்.

போன வருஷம் ஸ்பானரோடு எழுந்து நின்ற தென்னரசு, உதடு நீலம் பாரித்துச் சாய்ந்தான். விழுப்புரத்தில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா தாயையும் மகனையும் உட்காரவைத்து விளக்கினார். மரபணு இழையின் நுனி இவனுக்குப் பிறவியிலேயே குட்டை. இளநரையும் ஈரல் கெட்டதும் அதனால்தான். ஈரல் கெட்டதால் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்துவிட்டன. நின்றால் மூச்சு முட்டும், படுத்தால் அடங்கும். பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டார். இருபத்தைந்து வயதிலேயே நரை என்றாள் காந்திமதி. ரத்த வாந்தியையும் சொன்னாள்.

"அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்மா. வயித்துல ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும். குடிக்காதவங்களுக்கும் வரும்."

ஊர் வந்து சேர்ந்ததும் காந்திமதி புருஷன் படத்தை இறக்கித் துடைத்து மாட்டினாள்.

இப்போது வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. மாற்று ஈரலுக்குப் பதிவு செய்தாயிற்று. ஒர்க்‌ஷாப்பில் யாரும் டிமிக்கி என்பதில்லை. தென்னரசுவுக்கு அதுவே பாதி மருந்து. மனசு நிறைவாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷப் படையலில் வல்லரசு இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாட்டிலைக் காணோம். அந்த இடத்தில் காந்திமதி ஆவி பறக்க ஒரு கிளாஸ் டீ வைத்தாள்.

"நீ சொன்னது நெசந்தான்யா. நாந்தான் நம்பல," என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கற்பூரம் ஏற்றியதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பாயில் கிடந்த தென்னரசுவும் கையை ஊன்றினான்.

"நீ எழுந்திருக்காத. படுத்துக்கினே கும்பிடு. உங்கப்பாவுக்குத் தெரியும்," என்றாள் காந்திமதி.

அவன் படுத்தபடியே கும்பிட்டான்.