கன்னிமார் தந்த உத்தரவு

செய்யாறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்தில் மேடாக நிற்கிறது நடுத்திட்டு. சுற்றிலும் நாணல், மேட்டில் பனைகள், அந்தக் காலத்து எழுத்து வெட்டிய கல்தூண் ஒன்று. அதில் சாய்ந்தபடி ஏழு கன்னிமார் கற்கள். முன்பெல்லாம் முழங்கால் தண்ணீரில் நடந்தே உத்திரமேரூர் சந்தைக்குப் போய் வந்தார்கள். மணல் அள்ளி அள்ளித் துறை பள்ளமாகிப் போனது. அடைமழை வந்தால் ஆளை மூழ்கடிக்கும் தண்ணீர். ஒவ்வொரு குடும்பமாகக் கரையேறிவிட, மிஞ்சியது பாஞ்சாலி ஒருத்திதான்.

திட்டை விட்டுப் போகிறவர்கள் கன்னிமாரிடம் பூ கேட்க வேண்டும். கல்லின் தலையில் வைத்த ஈரப்பூ வலப்பக்கம் விழுந்தால் போகலாம். இடப்பக்கம் விழுந்தாலோ, விழாமலே இருந்தாலோ உத்தரவில்லை. எல்லோருக்கும் வலப்பக்கமே விழுந்தது. பாஞ்சாலிக்கு மட்டும் மூன்று வருஷமாக விழவேயில்லை. எப்படி விழும்? கல்லில் சந்தனத்தை அப்பி, அதில் பூவின் காம்பை அழுத்தி வைத்துவிடுவாள். "தப்புதான் தாயே, மன்னிச்சுக்கோ" என்று கன்னத்திலும் போட்டுக்கொள்வாள். புருஷனைப் புதைத்த மண், விளக்கேற்ற வேறு ஆளில்லாத சாமி. இதையெல்லாம் விட்டுவிட்டு வாலாஜாபாத்தில் மகன் வீட்டில் போய் உட்கார்ந்து என்ன செய்ய?

ஐப்பசி பிறந்ததும் மகன் தினகரன் வந்து நின்றான்.

"யம்மா, இந்த வாட்டியாச்சும் கெளம்பு. உனுக்கு ஒண்ணுன்னா தூக்கினு போவ இங்க ஆளு கீதா?"

"ஆத்தா சொல்லட்டும்டா, வரேன்."

"உங்க ஆத்தா என்னிக்கு சொல்லிகீது? கோந்து போட்டாப்ல இல்ல நிக்கிது பூவு!"

பாஞ்சாலி சந்தனத்தை இன்னும் கெட்டியாக அப்பி, செம்பருத்தியை அழுத்திவிட்டுக் கண்ணை மூடினாள்.

திறந்தபோது, சந்தனக் கட்டியோடு பெயர்ந்து வலப்பக்கம் கிடந்தது பூ. காற்றில்லை. நாணல்கூட அசையவில்லை.

"என்னியுமா போவச் சொல்ற, தாயே?" என்றாள்.

தினகரன் துணிமூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டான். அவன் கையைப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள்.

"ஆத்தாவே உத்தரவு குடுத்துச்சில்ல? அப்பால இன்னாத்துக்கு அழுவுற?"

"அதுக்குத்தான்டா."

கரையேறித் திரும்பிப் பார்த்தாள். பனைகளுக்கு நடுவே விளக்கு தெரிந்தது. எண்ணெய் நிறையத்தான் ஊற்றி வைத்திருந்தாள். விடிவதற்குள் தீர்ந்துவிடும்.