வீட்டுப் பக்கம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் முன்னறையில்தான் என் ஆங்கில வகுப்பு. அன்றைக்கு எடுத்த சொல் ‘ஹோம்வர்ட்’. வீட்டை நோக்கி என்று பொருள். இப்போது யாரும் அதைப் பேச்சில் சொல்வதில்லை. ஆனாலும் பாடத்தில் வந்துவிட்டது, விட முடியுமா? பிள்ளைகள் எல்லோரும் ‘நான் ஹோம்வர்டில் இருக்கிறேன்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“வீட்டுக்குள்ள இருக்கிற ஆளுக்கு இந்தச் சொல் வராது. நடக்கவேணும், திரும்பவேணும், கப்பல் வரவேணும். வழியில இருக்கிற ஆளுக்குத்தான் இது” என்றேன்.

பல்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. “நான் ஒரு வசனம் சொல்லட்டே, டீச்சர்? புருஷன் ஹோம்வர்ட் நடந்தான். ஆனால் சாவி பெண்சாதியின்ர பைக்குள்ள.”

வகுப்பே சிரித்தது. கொட்டாஞ்சேனையில் வேலை முடித்து பஸ்ஸில் வரும் மனிதர், வாரத்தில் பாதி நாள் சாவியை மறந்துவிட்டுப் போவார். நான் சந்தைக்குப் போய்த் திரும்பும்வரை படிக்கட்டில் குந்தியிருப்பார். “சோதினையில இதையோ எழுதிறது?” என்று கத்தினேன். வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இன்னும் கோபம்.

பிறகு அவருக்கு நெஞ்சில் நீர் கட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பகிடியெல்லாம் வற்றி, ஒரே ஒரு கதைதான் மிஞ்சியது.

“என்னை வீட்டை கொண்டு போம்.”

“நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை விடுவினமாம். கொஞ்சம் பொறுங்கோ.”

“படியில எண்டாலும் இருக்கிறன்” என்றார்.

மறுநாள் விடியமுன்னம் போய்விட்டார்.

அவரை ஒருதரம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். எனக்கு வேறு எண்ணமே இல்லை. தொடர்மாடிச் செயலாளருக்கு ஃபோன் எடுத்தேன். நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “அக்கா, லிஃப்டுக்கை பெட்டி போகாது. படியும் ஒடுக்கம். இஞ்ச எல்லாரும் பிரேதத்தை மலர்ச்சாலையிலதானே வைக்கினம்.”

ஓம், எல்லோரும் அப்படித்தான். எத்தனையோ பேரின் செத்தவீட்டுக்கு நானே மலர்ச்சாலைக்குப் போய், கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது எனக்குக் கொடுமையாகத் தெரியவில்லை. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

மலர்ச்சாலை பொரளையில். அவரை ஏற்றிய வண்டியில் முன் சீற்றில் நான் இருந்தேன். வண்டி புறப்பட்டதும் சாரதியிடம் சிங்களத்தில் கேட்டேன்: “மல்லி, பொட்டக் அப்பே கெதர பெத்தட்ட யமுத?” தம்பி, கொஞ்சம் எங்கள் வீட்டுப் பக்கம் போவோமா என்று. அவன் என் முகத்தைப் பார்த்தான். வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதிக்குத் திருப்பினான்.

எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கி, கேற் வாசலில் நிறுத்தினான். காவலாளி எழுந்து தொப்பியைக் கழற்றினார். மேலே எங்கள் பல்கனிக் கொடியில் அவருடைய சாரம் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளட்டும் என்று முதல்நாள் நான் தோய்த்துப் போட்டது. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. ஒழுங்கை முழுக்கக் கேட்க அழுதேன்.

இறங்கப் போகிறீர்களா என்று சாரதி மெல்லக் கேட்டான். இல்லையென்று தலையாட்டினேன். பின்னால் அவர் படுத்திருந்தார். வீட்டுச் சாவி என் கைப்பைக்குள் இருந்தது.