முந்நூறைத் தாண்டாத மழை

மழை ஆராய்ச்சி நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு அவள் கத்தரி அக்கா. அந்தப் பெயருக்கும் சமையலுக்கும் சம்பந்தமில்லை. கத்தரிக்கோல் என்பதைத்தான் சுருக்கிவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு ஊர்களில் இருக்கும் மழைமானிகளிலிருந்து தினமும் காலையில் எண்கள் வரும். அவற்றில் பொய்யை வெட்டி எறிந்துவிட்டு மெய்யை மட்டும் பதிவுக்குள் விடுவது அவள் வேலை. இருபத்தாறு வருஷமாக வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

மழை எண்ணில் எங்கேயிருந்து பொய் வரும் என்று கேட்கிறவர்கள் ஒரு வாரம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மழைமானியில் மாடு வாய் வைத்திருக்கும். பன்னிரண்டு என்று எழுத வேண்டியவர் நூற்றிருபது என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். மண்டை பிளக்கும் கோடையில் ஓர் ஊரிலிருந்து நாற்பது மில்லிமீட்டர் மழை வந்தது. விசாரித்தால், பக்கத்து வீட்டம்மா துணி அலசிய தண்ணீரை அதில் ஊற்றியிருக்கிறாள். இதையெல்லாம் கத்தரி அக்கா மோந்தே கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இதற்கெல்லாம் மேலே ஒரு விதி இருந்தது. ஒரே நாளில் முந்நூறு மில்லிமீட்டருக்கு மேல் எந்த ஊரிலிருந்து எண் வந்தாலும், சுற்றியுள்ள ஊர்களில் அப்படிப் பெய்யவில்லை என்றால், அது தப்பு. அதை அடித்துவிட்டு, சுற்று ஊர்களின் சராசரியைப் போட வேண்டும். விதி மேலிடத்திலிருந்து வந்தது. கத்தரி மட்டும் அவள் கையில் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, புயல் மேடம் அவள் அறைக்கு வந்தாள். கணினிக்குள் காற்றையும் கடலையும் ஓடவிட்டு, வரப்போகும் புயல் எங்கே எவ்வளவு கொட்டும் என்று பார்க்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. கோபத்தாலும் அந்தப் பெயர் பொருந்தும், ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் கோபம் இல்லை. நேற்றிலிருந்து ஒரு புயல் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"அக்கா, நாளைக்குக் காலைக்குள்ள மலை ஊர்ல எவ்வளவு பெய்யும்னு ஓட்டிப் பாத்தேன். ஐந்நூத்தி எண்பதுங்குது."

கத்தரி அக்கா சிரித்துவிட்டாள். "உங்க கணினி மாடலுக்குக் காய்ச்சல். நெத்தியில ஈரத்துணி போடுங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா பன்னெண்டு தடவை ஓட்டிட்டேன். ஒரு தடவைகூட ஐந்நூறுக்குக் கீழ வரல. புயல் மலையில முட்டி அங்கேயே நிக்குது. கடைசியில வழக்கம்போலத் திருத்தம் வந்து முந்நூறுன்னு நறுக்கிடுது."

திருத்தம் என்றால் இதுதான்: கணினி என்ன பெருமை பேசினாலும், அந்த ஊரின் பழைய பதிவில் எது உச்சமோ அதை ஒட்டியே கடைசி எண் வெளியே போகும். கண்டறியாத மழையைச் சொல்லி ஜனங்களை அலற வைக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

"அந்த ஊர்ல முந்நூறுக்கு மேல பெஞ்சதே இல்லையாக்கா?"

"பதிவுல ஒண்ணுகூடக் கிடையாது."

"அது எப்படி ஒண்ணுகூட இல்லாம இருக்கும்?"

"வந்தா நான்தான் வெட்டிடுவேனே."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பழைய நோட்டுகள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் கிடந்தன. இருவரும் அங்கே போனார்கள். மலை ஊரின் மழைமானியைப் பார்த்துக்கொள்வது அங்கே பம்பு ஹவுஸில் இருக்கும் காவலாளி. அவருடைய நோட்டுகளைக் கத்தரி அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றில் அவள் விரல் நின்றது. ஐந்நூற்று நாற்பத்தேழு. அதற்குக் கீழே குறிப்பு: "குடுவை மூன்று முறை நிரம்பிற்று. குடை நிற்கவில்லை. மனைவி சாக்கைப் பிடித்துக்கொண்டாள். சரியாக அளந்தேன்." எண்ணுக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் சராசரி, நூற்றுப் பதினெட்டு. இரண்டும் அவள் கையெழுத்து.

மேகம் மலையில் முட்டி அங்கேயே கொட்டித் தீர்த்தால், பக்கத்து ஊர்களில் எப்படிப் பெய்யும்? இது மழை ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். விதியை வைத்துக்கொண்டு மலையைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

அந்தப் பக்கத்தோடு ஒரு கடித நகல் குத்தியிருந்தது. "முந்நூறுக்கு மேல் என்பது நடக்காத காரியம். இல்லாத மழையை எழுதி எங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். மறுபடியும் இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க நேரிடும்." எழுதியவளும் அவள்தான். அன்றைக்கு அதைத் தேநீர் நேரத்தில் உரக்கப் படித்துக் காட்டியதும், எல்லாரும் கைகொட்டிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆனால் உண்மையான அடி அடுத்த பக்கங்களில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு புயலில் இருநூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்த புயலிலும் இருநூற்றுத் தொண்ணூறு. நான்கு புயல்கள், நான்கும் இருநூற்றுத் தொண்ணூறு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஒரே எண் இரண்டு தரம் வந்தாலே எழுந்து உட்காருகிறவள், முந்நூறுக்குக் கீழே இருந்ததால் இவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே காவலாளிக்குப் போன் போட்டாள்.

"இருநூத்தித் தொண்ணூறுன்னு நாலு தடவை எழுதியிருக்கீங்களே, அது எப்படிங்க?"

காவலாளி ஒளிக்கவில்லை. "கடுதாசி வந்துச்சுங்க மேடம். முந்நூறுக்கு மேல எழுதினா வேலை போயிடும்னு. எனக்கெதுக்கு வம்பு? இருநூத்தித் தொண்ணூறு வரைக்கும் அளந்து எழுதிட்டு, மிச்சத்தைக் கீழ கொட்டிடுவேன்."

"மிச்சம்னா எவ்வளவு?"

"அதை யாரு அளந்தா? எப்படியும் எழுதக் கூடாதே." கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் கேட்டார்: "அந்தக் கடுதாசி எழுதினவரு இன்னும் இருக்காருங்களா?"

"இருக்கார்," என்றாள் கத்தரி அக்கா. நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டாள். வெட்டிய எண்ணையாவது நோட்டில் தேடி எடுத்துவிடலாம். கீழே கொட்டிய மழையை எங்கே போய்த் தேடுவது?

அப்போதுதான் தங்கை ஞாபகம் வந்தது.

தங்கை வீடு மலையடிவாரத்தில், கால்வாயை ஒட்டிய தெருவில் இருந்தது. வெள்ளம் எதுவரை ஏறும் என்று காட்டும் படத்தில் அந்தத் தெரு கோட்டுக்கு வெளியே. மனை வாங்கும்போது தங்கை கேட்டதற்கு, "எங்க ஆபீஸ் படம்டி. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று சொன்னது அக்காதான். தெருவே உருவாகி ஆறு வருஷம்தான் ஆகிறது. கடைசி இருநூற்றுத் தொண்ணூறு பெய்தது ஏழு வருஷத்துக்கு முன்னால். அன்றைக்குத் தண்ணீர் அங்கே எவ்வளவு ஏறியது என்று பார்க்க வெறும் புதர்தான் இருந்தது.

புயல் மேடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாலு மணிக்குப் போக வேண்டிய அடுத்த எச்சரிக்கை, திருத்தத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஐந்நூற்று எண்பது என்று பதினொன்றே காலுக்கே போயிற்று. கத்தரி அக்கா தங்கையைக் கூப்பிட்டாள்.

"உடனே கிளம்பி என் வீட்டுக்கு வா. உன் வீட்டுக்காரரையும் கடையிலிருந்து வரச்சொல்லு."

"என்னக்கா நீ? காலையில முந்நூறுன்னாங்க, இப்ப ஐந்நூத்திச் சொச்சம்ங்கறாங்க. நாளைக்கு ஆயிரம்பாங்க. நம்ம தெருவுக்குத் தண்ணியே வராதுன்னு நீதானே சொன்ன?"

"அந்தக் கோட்டை முந்நூறை வெச்சுத்தான் போட்டாங்க. அந்த முந்நூறு நான் பண்ணின தப்புடி. பெஞ்ச மழையை நான்தான் அழிச்சேன்."

பிறந்ததிலிருந்து அக்கா வாயால் தன் தப்பைச் சொல்லித் தங்கை கேட்டதில்லை. புயலைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். "வரேன்," என்றாள். "எதிர்வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டுப் பாக்கறேன்."

எதிர்வீட்டுக்காரர்கள் வரவில்லை. கோட்டுக்கு வெளியே இருக்கிறோம், நமக்கென்ன என்று சொல்லிவிட்டார்களாம்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குத் தங்கையும் கூடவே வந்தாள். அடுத்த தெருக்காரர் ஒருவர் போனில் படம் அனுப்பியிருந்தார். அவள் வீட்டு ஜன்னலின் மேல் கம்பி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர்களின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அவள் அழவில்லை. பேயறைந்தவள்போல் அக்கா மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்கு மலை ஊரிலிருந்து போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவே காவலாளியின் குரல். "இருநூத்தித் தொண்ணூறுன்னு போட்டுக்குங்க மேடம்."

"அந்தக் கடுதாசியை எழுதினது நான்தாங்க," என்றாள் கத்தரி அக்கா. "நீங்க அன்னைக்கு எழுதினது நெசம். நான்தான் தப்பு. இன்னைக்கு அளந்ததைச் சொல்லுங்க. எவ்வளவா இருந்தாலும் சொல்லுங்க."

காவலாளி சொன்னார். "நேத்து நீங்க கேட்டீங்களேன்னு மிச்சத்தையும் அளந்து வெச்சேன். அறுநூத்தி நாப்பத்தொண்ணு. அஞ்சு மணி வரைக்கும்தான். அதுக்கப்புறம் மழைமானியையே காணோம்."

அவள் அதைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு கணினியில் அடித்தாள். திரை சிவப்பாக ஒளிர்ந்து, விதிக்குப் புறம்பான எண், அழிக்கவா என்று கேட்டது. யோசிக்கிறதற்குள் இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் விரல் முன்னால் ஓடி ஆம் என்பதை அமுக்கிவிட்டது. அறுநூற்று நாற்பத்தொன்று மறைந்தது. அந்த இடத்தில், சுற்று ஊர்களின் சராசரி, நூற்று இருபத்தாறு என்று வந்து உட்கார்ந்தது.

தங்கை போனைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"இப்படித்தான் அழிப்பியாக்கா?" என்றாள். "இவ்வளவு சுலபமாவா?"