சடையன் எடுத்த சாலை மறியல்

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டுப் பிழைத்த வீட்டில் பிறந்தவர் சடையன். இருபது வருடம் தெருமுனை நாடகம் எழுதி, தானே இயக்கி, ஊர் ஊராகப் போட்டவர். ஏரி ஆக்கிரமிப்பு, மணல், ரேஷன் அரிசி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சனங்கள் விசிலடித்துப் பார்ப்பார்கள். மறுநாள் ஏரி அப்படியேதான் கிடக்கும். கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக இருந்தபோது, பெயரை மாற்றச் சொன்னார்கள். "மாத்தினா எங்க அம்மாவே படம் பாக்க வராது" என்று சொல்லிவிட்டார். அந்தச் சடையனுக்கு, தலை நரைத்த பிறகுதான் சொந்தமாக ஒரு படம் அமைந்தது.

ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் தூர்ந்துபோய், சனங்கள் சாலையை மறிக்கிற கதை. அவர் ஊர்க் கதைதான். ஊர்க்காரர்களையே நடிக்க வைத்தார்.

மறியல் காட்சியைப் பௌர்ணமியன்று வைத்துக்கொண்டார். கிரிவலத்துக்குச் செஞ்சிப் பக்கமிருந்து ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக வரும். அத்தனை பஸ்ஸை வாடகைக்குப் பிடிக்க முடியுமா? ஒரே ஒரு ஷாட்டுக்கு என்று வாய்வார்த்தையாக அனுமதியும் வாங்கியாயிற்று. அனுமதி கொடுத்த இன்ஸ்பெக்டரே அன்று கிரிவலப் பாதையில் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

கேமராவை வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் மறைத்தார்கள். படத்தில் நடிக்கும் ஊர்ப்பெண் பொன்னி முன்வரிசையில், நடுரோட்டில் உட்கார்ந்தாள். பஸ்கள் நின்றன. கூடவே ஒரு ஜீப்பும் வந்து நின்றது. அதிலிருந்து தாலுகா ஆபீஸ் அதிகாரி ஒருவர் பதறிப்போய் இறங்கினார்.

"ஏம்மா, இன்னைக்குப் போயா மறிக்கிறீங்க? எழுந்திருங்க!"

சடையன் டிராக்டர் பின்னால் குனிந்துகொண்டார். கேஸ் போட்டால் கேமரா ஸ்டேஷனுக்குப் போய்விடும். படம் அத்தோடு சரி.

"கட் சொல்லட்டா சார்?" என்றான் கேமராமேன் ஈஸ்வர். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

பொன்னி அசையவில்லை. "மனு குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சிபோச்சி சார். கால்வாய எப்போ வெட்டுவீங்க?" சடையன் எழுதிக்கொடுத்த வசனத்தில் அது இல்லை.

"திங்கக்கெழம ஜேசிபி அனுப்பறேன், போதுமா?"

பேசாமல் இருந்தால் அதிகாரி போய்விடுவார், கால்வாயும் வெட்டுப்படும். ஆனால் நாளைக்கு விஷயம் தெரிந்தால்? படமும் போய், ஊர் கேட்டதும் பொய்யென்று ஆகிவிடும். சடையன் டிராக்டர் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"மன்னிக்கணும் சார். இது ஷூட்டிங்."

அதிகாரி முகம் சிவந்தது. "அப்போ நான் யாரு, காமெடியனா?"

பஸ் ஜன்னல்களில் சிரிப்பு வெடித்தது.

"ஷூட்டிங் அவருக்குத்தான் சார்" என்றாள் பொன்னி. "எங்க கால்வா நெசமாத்தான் தூந்து கெடக்குது. கூப்புடு தூரம்தான், வந்து பாருங்க." ஒருவரும் எழவில்லை.

அதிகாரி பஸ் வரிசையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். "நான் பேசனதெல்லாம் அதுல இருக்குதா?"

"இருக்குது சார். வேணாம்னா அழிச்சிடறேன்" என்றார் சடையன்.

"என் மூஞ்சிய மட்டும் படத்துல போட்டுடாதீங்க. ஜேசிபி வரும். மொதல்ல ரோட்ட உடுங்கப்பா!"

அவர் கேஸ் என்ற வார்த்தையையே எடுக்காமல் ஜீப்பில் ஏறினார். ஊர்க்காரர்கள் எழுந்து ரோட்டை விட்டார்கள்.

திங்கட்கிழமை ஜேசிபி வரவில்லை. "உன்ன யாருண்ணா ஷூட்டிங்குனு சொல்லச் சொன்னது? நல்லா வந்த காரியம்!" என்று பொன்னி திட்டித் தீர்த்தாள். செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை காலை ரோட்டில் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சடையன் எச்சில் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தார். மஞ்சள் வண்டி கால்வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

படத்தின் முடிவுக்கு எழுதி வைத்திருந்த தடியடிக் காட்சியை அவர் எடுக்கவில்லை.

"தடியடி இல்லாம எவன் சார் விருது குடுப்பான்?" என்றான் ஈஸ்வர்.

"குடுக்கலன்னா போறான்."

"அப்போ நான் அடி வாங்க வேணாமா?" என்று கேட்டாள் பொன்னி.

"வேணாம்மா. ஏரி ரொம்பட்டும், நீ போயி நாத்து உடற வேலையப் பாரு."