எங்கள் மாட்டுக்குறியும் இங்கிலாந்தின் பழைய எழுத்தும்

மியூசியங்களில் கண்ணாடிக்குப் பின்னால் பழைய ஆங்கிலோ-சாக்சன் எழுத்து வெட்டிய கல்லோ எலும்போ வைத்திருந்தால், நான் மெல்ல அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவேன். கூட வருபவர்கள் எனக்குச் சரித்திரம் பிடிக்காது என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். அந்த வரிசையின் முதல் எழுத்தைக் கண்டால் எனக்குக் காதுமடல் சூடாகிவிடும். பெரிய எழுத்து ஒன்றுமில்லை. ஒரு நிமிர்ந்த கோடு, அதன் வலப்பக்கத்தில் மேல்நோக்கிச் சரிந்த இரண்டு கிளைகள். அவ்வளவுதான்.

அதை எனக்கு அறிமுகம் செய்தவர் லண்டன் ஹரோவில் எங்கள் வகுப்பு ரீச்சர். எனக்கு அப்போது ஒன்பது வயது. பலகையில் அதைக் கீறிவிட்டு, இதன் பெயர் 'ஃபேயோ' என்றார். இப்போதைய எழுத்துகளைப் போல வெறும் ஓசை மட்டும் இல்லையாம், அந்த வரிசையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயரும் பொருளும் உண்டாம். 'ஃபேயோ' என்றால் மாடு. அந்தக் காலத்தில் மாடு வைத்திருப்பவனே பணக்காரன் என்பதால் மாடு என்ற சொல் மெல்ல மெல்லச் செல்வம் என்றும் ஆகிவிட்டது. இன்று லோயருக்கும் டொக்டருக்கும் கட்டுகிற 'ஃபீஸ்'கூட அதற்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம் என்றார். பழைய தமிழிலும் மாடு என்றால் செல்வம்தான் என்பதை நான் பிற்காலத்தில் அறிந்தபோது, உலகத்தில் எல்லோரும் ஒரே பட்டியில் இருந்து கிளம்பியவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த எழுத்துகள் எங்கே பிறந்தன என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாதாம். தெற்கே இத்தாலிப் பக்கத்து எழுத்துகளைப் பார்த்து, வடக்கே இருந்தவர்கள் மரத்தில் வெட்டுவதற்கு வசதியாக மாற்றிக்கொண்டிருக்கலாம். மரத்தில் வளைவு வெட்டுவது கஷ்டம். படுக்கைக் கோடு போட்டால் மரத்தின் ரேகைக்குள் ஒளிந்துவிடும். அதனால்தான் எல்லாம் நிமிர்ந்தும் சரிந்தும் நிற்கின்றன. பிறகு அவர்கள் கடலைக் கடந்து இந்த நாட்டுக்கு வந்தபோது எழுத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். இரண்டு கிளையும் மாட்டின் கொம்புதானே என்று கடைசி வரிசை வாங்கில் இருந்து ஒருவன் கத்தினான். அப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று ரீச்சர் சிரித்தார். செல்வம் என்பது வைத்துப் பூட்டுவதற்கல்ல, இருப்பவர் கொடுக்க வேண்டும் என்று அந்த மனிதர்கள் நம்பினார்கள் என்றும் சொன்னார். கடைசியில் வீட்டுவேலை தந்தார். அவரவர் குடும்பத்தின் செல்வத்தைக் காட்ட ஓர் அடையாளம் யோசித்து வரவேண்டும். அதைக் களிமண் ஓட்டில் வெட்டிப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைப்போம், பெற்றோரும் வந்து பார்க்கலாம்.

என் பக்கத்தில் இருந்தவள் யதுஷா. எங்கள் தெருவிலேயே ஐந்து வீடு தள்ளி இருந்தாள். ஹொலண்டில் இருந்து அவர்கள் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குப் பின்னேர ஷிப்ட் என்பதால் பள்ளிக்கூடம் விட்டதும் யதுஷாவின் அம்மாதான் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நான் அவரை அன்ரி என்று கூப்பிடுவேன். அவர் கையால் புட்டும் முட்டைப்பொரியலும் தின்று, அவர்கள் வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவள் நான். அவர் சாப்பாடு போடும்போது நான் போதும் என்றால், "வயிறு கேக்கட்டும், நீ பதில் சொல்லாத" என்பார். இன்றைக்கும் யாருக்காவது சாப்பாடு போடும்போது என் வாயில் அந்த வசனம்தான் வருகிறது.

அடையாளத்துக்கு நான் போய்ப் பிடித்தது பெரியப்பாவை. அவர் சுவிஸில் இருந்து வந்து எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். எங்களிடம் ஊரில் மாடு இருந்ததா என்று கேட்டதுதான் தாமதம், மனிதர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"மாடோ? பட்டி திரும்பேக்க எழும்புற புழுதியில பொழுது படுறது தெரியாது பிள்ளை."

"அண்ணை, எங்களிட்ட நிண்டது நாலு மாடு" என்றார் அப்பா.

"நீ அப்ப சின்னப் பெடியன். உனக்கு எண்ணத் தெரியாது."

மாடு மாறிப் போகாமல் இருக்கத் தொடையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குறி சுடுவார்கள் என்று சொல்லி, ஒரு பீட்சாக் கடை விளம்பரத்தின் பின்பக்கத்தில் எங்கள் குறியைக் கீறிக் காட்டினார். மேலே தாத்தாவின் பெயரின் முதல் எழுத்து. அதற்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு வளைவும் அதற்குள் ஒரு புள்ளியும். எழுத்து ஆளுக்கு ஆள் மாறும், கீழே இருப்பதுதான் முக்கியம் என்றார். அம்மா குசினியில் இருந்து, "பிள்ளைக்கு ஏன் உந்தக் கதையெல்லாம்?" என்று குரல் கொடுத்தார். மாட்டுக்குச் சூடு வைக்கிற கதையைக் கேட்டால் நான் இரவில் பயந்து அழுவேன் என்றுதான் அம்மா தடுக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வகுப்பில் என் குறிக்கு ஏகப்பட்ட மரியாதை. மற்றவர்கள் கார், வீடு, கால்பந்து என்று வெட்டிக்கொண்டிருக்க, என்னிடம் மட்டும் அசல் மாட்டுக்குறி இருந்தது. கிண்ணத்தின் வளைவை ரீச்சர் சொன்ன மாதிரி நேர்கோடுகளாக உடைத்து வெட்டினேன். யதுஷா தன் ஓட்டை வெறுமையாக வைத்துக்கொண்டு இருந்தாள். அப்பாவிடம் கேட்டாளாம், அப்படி ஒன்றும் இல்லை, பூ ஏதாவது கீறு என்றாராம். அவள் முகம் சின்னதாகிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என்னுடையதையே எடு என்றேன். மேலே உன் எழுத்தைப் போடு, கீழே இருப்பதை அப்படியே வை, நாங்கள் இரண்டு பேரும் ஒரே பட்டி. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அதை என்னைவிட அழகாக வெட்டினாள்.

பெற்றோர் வரும் நாள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா வந்தார். பட்டி பட்டியாக மாடு வைத்திருந்த பெரியப்பா வராமல் இருப்பாரா? கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். யதுஷாவின் அப்பா பிளம்பர். வேலைத்தலத்தில் இருந்து நேரே, முழங்காலில் வெள்ளைத் தூசியோடு வந்திருந்தார். மகளுடைய ஓட்டை ஃபோனில் படம் எடுத்தார். அவளை ஓட்டின் பக்கத்தில் நிற்க வைத்தும் எடுத்தார். அப்போதுதான் பெரியப்பா குனிந்து பார்த்தார்.

"தம்பி, உந்தக் குறி ஆரின்ரை?"

"பிள்ளையள் சும்மா கீறினது அண்ணை."

"உது சும்மா கீறுற குறியில்லையே. உங்கட வீட்டில மாட்டுக்கு என்ன குறி சுட்டவை?"

"எங்களிட்ட மாடு இல்லை அண்ணை."

"மாடில்லாட்டியும் ஊர் இருக்குமெல்லோ. எவடம்?"

யதுஷாவின் அப்பா ஊரின் பெயரைச் சொன்னார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் யாரோ பிடித்து வைத்த மாதிரி இருந்தது.

"அட, அங்கயோ. அங்க எந்தப் பக்கம்? கோயிலுக்கு முன்பக்கமோ, குளத்துக்கு அங்காலயோ?"

பெரியப்பாவின் குரலில் கோபமே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. குறியின் கீழ்ப்பகுதி அந்த வீட்டின் சாதியைச் சொல்லும் என்பதும், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பதும் அதே கேள்விதான் என்பதும் வளர்ந்த பிறகு நானாகத் தெரிந்துகொண்டவை. அங்கே நின்றபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யதுஷா திருடிவிட்டாள் என்று பெரியப்பா நினைக்கிறார். நான் முன்னால் போய் நின்றேன்.

"பெரியப்பா, நான்தான் அவளுக்குக் குடுத்தனான்."

அவர் என் தலையைத் தடவிச் சிரித்தார். "உது குடுக்கிற சாமான் இல்லை பிள்ளை."

யதுஷாவின் அப்பா ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "வா, போவம்" என்று மகளின் கையைப் பிடித்தார். நான் என் அப்பாவைத் தேடினேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த சாக்சன் குடிசைப் படத்தை மிகவும் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார். அதில் நான்கு வரிதான் எழுதியிருந்தது. யதுஷாவும் அவளுடைய அப்பாவும் வாசலைத் தாண்டும் வரைக்கும் வாசித்தார். வீட்டுக்கு வரும் வழியிலாவது தமையனிடம் ஏதாவது சொல்லுவார் என்று நான் பின்சீட்டில் இருந்து காத்துக்கொண்டு வந்தேன். பார்க்கிங் கிடைக்குமோ தெரியாது என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவே அன்ரி எங்கள் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். இனிமேல் என்னைக் கூட்டிவர ஏலாதாம். அம்மா ஃபோனை வைத்துவிட்டு ஷிப்டை என்ன செய்வது என்று தலையில் கை வைத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் பிள்ளை அங்கதான் சாப்பிட்டதோ?" என்று கேட்டார் பெரியப்பா.

அம்மா அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அவர் அதில் பாதிதான் குடித்திருந்தார்.

திங்கட்கிழமை யதுஷா வேறு மேசைக்குப் போயிருந்தாள். ரீச்சரிடம் கேட்டு மாறினாளாம். நான் ஏன் என்று கேட்டதற்கு அவள் தன் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள், கூர் வந்த பிறகும். இடைவேளையில் மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தேன். அவளுடைய ஓடு இருந்த இடத்தில் பெயர் எழுதிய அட்டை மட்டும் இருந்தது.

நான் பலமாக யோசித்தேன். எங்களிட்ட மாடு இல்லை என்று அவளுடைய அப்பா எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டி வந்ததுதானே பிரச்சினை? மாடில்லை என்றால் ஏழை. ஏழை என்று மண்டபத்துக்கு நடுவில் சொல்ல வைத்தால் யாருக்குத்தான் வெட்கமாக இராது? அந்த வெட்கம் தீர்ந்துவிட்டால் அவள் திரும்பவும் என் மேசைக்கு வருவாள், அன்ரி திரும்பவும் புட்டு அவிப்பார். என் கணக்கு எனக்கு மிகச் சரியாகத் தெரிந்தது.

என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பண்ணை இருந்தது. பெரியப்பா சுவிஸில் இருந்து வரும்போது கொண்டுவந்தது. கோழி, பன்றி, வேலி எல்லாம் உண்டு. ஆனால் அதற்கு ராசாத்தி ஒரு மாடுதான். மண்ணிறமும் வெள்ளையும், கழுத்தில் உண்மையாகவே கிலுங்குகிற மணி. இரவில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பேன். வேறு எதைக் கொடுக்கலாம் என்று கொஞ்ச நேரம் மனதைப் போட்டுப் பிசைந்தேன். கோழி கொடுத்து ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து வந்ததும், பெரியப்பா முன்னறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மாட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். நடக்க நடக்க மணி வயிற்றில் கிலுங்கியது.

கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா. வீட்டுக்குள் இருந்து வெங்காயம் தாளிக்கிற வாசம் வந்தது.

"என்ன பிள்ளை?"

நான் மாட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனத்தைச் சொன்னேன். "இது உங்களுக்கு. இனி உங்களிட்டயும் மாடு இருக்கு."

அவர் மாட்டைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாக, எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"ஆர் பிள்ளை தந்தது?"

மலிவான சாமான் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே. "பெரியப்பா!" என்றேன், பெருமையாக. "சுவிஸ் மாடு."

அவர் கதவைத் தன் பின்னால் இழுத்துப் பாதி சாத்தினார். உள்ளே இருந்து அன்ரி, "ஆரப்பா வாசல்ல?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை" என்றார் அவர்.

பிறகு குனிந்து மாட்டை வாங்கிக்கொண்டார். மணி கிலுங்காமல் அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "ரோட்டுக் கரையால பார்த்துப் போ பிள்ளை" என்றார். மிக மெதுவாகத்தான் சொன்னார். கதவைச் சாத்தினார். சங்கிலி போடுகிற சத்தமும் கேட்டது.

எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. ஒருத்தரும் இல்லை என்று அவர் ஏன் சொன்னார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. யதுஷாவுக்குத் தெரியாமல் மாட்டை ஒளித்து வைத்துவிட்டு, சாப்பிடும்போது திடீரென்று எடுத்து அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறார். அவள் எப்படித் துள்ளுவாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, ஐந்து வீடும் ஓடி வந்து, திங்கட்கிழமை எப்போது வரும் என்று அம்மாவிடம் கேட்டேன்.