சுண்ணாம்புக் கோடு போட்ட விறகு

வேலிகாத்தான் முள்மரம் வெட்டப் போன நாட்களில் நூம்பலில் இருந்த அந்தக் காலி மனையில் மூன்று பேர்: அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான். அப்பா வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருக்குப் பகல் ஷிப்ட். மனைக்குச் சொந்தக்காரரும் இல்லை. அவர் வெளிநாட்டில் இருந்தார். மனையைப் பார்த்துக்கொள்ளும் வேலை மாமாவுடையது.

அம்மா தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் போட்டுக் கொடுப்பவள். முகப்பேர் அடுக்குமாடிகளில் ஆவணியிலேயே ஆர்டர் சொல்லி முன்பணமும் கொடுத்துவிடுவார்கள். கேஸ் அடுப்பில் போட்டால் கையில் ஒன்றும் நிற்காது. விறகு கிடைத்தால்தான் அந்த உழைப்புக்கு அர்த்தம். அந்த வருஷம் மாமாவே வீட்டுக்கு வந்து சொன்னார்.

"யக்கா, மனைல வேலிகாத்தான் காடா கீது. ஓனரு சுத்தம் பண்ண சொல்றாரு. வெட்டி நீயே எடுத்துக்கோ."

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். அந்தப் பழக்கத்தில், "ஓனர்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கிக்கலாமா மாமா?" என்று கேட்டேன்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாடா, படிச்ச புத்திய காட்றியா? அக்கா தம்பிக்குள்ள இன்னாத்துக்குடா பேப்பரு?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வெட்டினோம். மாமா கவைக்கோலால் முள்கிளையைத் தூக்கிப் பிடிப்பார், நான் அடியில் கோடாலி போடுவேன், அம்மா அடுப்புக்குத் தோதாக இரண்டு முழத் துண்டுகளாகக் கத்தியால் தறிப்பாள். செருப்பையும் துளைத்துக்கொண்டு முள் ஏறும். அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நொண்டி நொண்டி நடப்பேன். "இன்னா மச்சான், ஃபுட்பாலா?" என்று பக்கத்து மேஜைக்காரன் கேட்பான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கடைசி நாள் வண்டி வைத்து எடுத்துப் போய்விடலாம் என்றேன். மாமா தடுத்தார். "பச்சையா ஏத்துனா வெயிட்டு. ரெண்டு நடை ஆவும், வண்டிக்காரன் ரெண்டு வாடகை கேப்பான். இங்கயே காயட்டும். நான் இங்கதான கீறேன்?"

நியாயமாகத்தான் பட்டது. காற்று புகுந்து போக, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். அம்மா சுண்ணாம்பைக் கரைத்து, அடுக்கின் முகப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். ஒரு கட்டையை உருவினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எங்கள் பக்கத்தில் கோடு போட்ட விறகை யாரும் தொடமாட்டார்கள். அம்மாவுக்குக் கை எட்டாத உயரத்தில் கோட்டை இழுத்து முடித்தவர் மாமாதான்.

மாதம் ஒன்று ஆயிற்று. இடையில் ஒருமுறை போய் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்தேன். 'ணங்' என்றது. மழை பிடிப்பதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு மீன்பாடி வண்டியைப் பேசிக்கொண்டு போனால், மனையில் விறகு இல்லை. அடுக்கியிருந்த இடத்தில் பட்டைத் தூள் மட்டும் கிடந்தது.

"ஓனரு ஆளுங்க லாரி எடுத்துகினு வந்து வாரிகினு போய்ட்டானுங்க யக்கா," என்று மாமா அழுதார். "ஒத்த ஆளு நான் இன்னா பண்றது?"

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். நான் உட்கார்ந்து மனைச் சொந்தக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். விலாசம் கேட்டால் மாமா நாளைக்கு, நாளைக்கு என்றார். வருத்தத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நண்பனின் தங்கை கல்யாணத்துக்கு நசரத்பேட்டையில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன். கை கழுவப் பின்பக்கம் போனபோது, பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் விறகு குவிந்திருந்தது. இரண்டு முழக் கட்டைகள். பலவற்றின் நுனியில் வெள்ளையாக ஒரு தீற்றல்.

சமையல்கார பாய் நான் நிற்பதைப் பார்த்தார். "இன்னா தம்பி, வெறகயே பாத்துகினு கீற? நல்ல காய்ஞ்ச சரக்கு. நூம்பல்ல மனை பாத்துக்குற அண்ணாத்தே வெலைக்குக் குடுத்தாரு. அவரு அக்கா முறுக்கு போடறத உட்டுட்டாங்களாம், வேணான்னுட்டாங்களாம்."

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது நேராகவே கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "ஆமா, குடுத்தேன். கைமாத்து குடுத்தவன் கழுத்துல துண்டு போட்டான். உனுக்குத்தான் மாசமானா சம்பளம் வருதுல்ல நைனா? கேஸ் வாங்கி குடேன் உங்கம்மாவுக்கு."

"கேட்டிருக்கலாமே மாமா. அம்மா முறுக்கு போடறதையே விட்டுட்டாங்கன்னு ஏன் சொன்னீங்க?"

"காரணம் சொல்லாம வித்தா எவன் நம்புவான்? கேள்வி கேப்பான்," என்றார், எனக்குத் தொழில் கற்றுத் தருவதுபோல.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியும்டா," என்றாள். "அவன் சின்னதுலேந்து பொய் சொல்றப்பதான் அழுவான்."

"தெரிஞ்சும் ஏம்மா என்னை லெட்டர் எழுத உட்ட?"

"சொன்னா நீ அவன்கூட சண்டைக்குப் போவ. எனுக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான்."

மாமா செய்ததைவிட இதுதான் எனக்கு வலித்தது. என் காலில் ஏறிய முள்ளைத் தன் மடியில் வைத்துப் பிடுங்கியவள் அவள். நான் கடிதத்தைத் திருத்தித் திருத்தி எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவர்கள் இருவருக்கும் நடுவில், விவரம் தெரியாத ஒரே ஆளாக நான் இருந்திருக்கிறேன்.

முன்பணம் வாங்கியாகிவிட்டது, ஆர்டரைத் திருப்ப முடியாது. இரண்டு பெரிய சிலிண்டரும் வாடகைக்கு ஒரு அடுப்பும் எடுத்தோம். சிலிண்டர்களைத் தெருமுனையிலிருந்து தோளில் தூக்கி வந்தது மாமா. அம்மா அவருக்கு முதல் ஈட்டு முறுக்கில் நான்கு எடுத்துக் கொடுத்தாள். நான் கடைக்காரரின் பில்லை வாங்கிப் பார்த்து, என் சம்பளப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.